சூளைக்கண்ணர் இறக்கிய சூரியன்

விருத்தாசலத்தில் எதிரே வருகிற எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, ஓர் அடிகூட வாங்காமல் மரியாதையோடு வீடு திரும்புகிற ஒரே ஆண்பிள்ளை சூளைக்கண்ணர்தான். அவருடைய நிஜப்பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

அவருக்குச் செராமிக் யூனிட்டில் சூளை வேலை. எரிகிற சூளையின் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் அதன் வழியே உள்ளே பார்ப்பார். நெருப்பின் நிறத்தை வைத்தே "வெந்துடுச்சு", "இன்னும் அரை மணி ஆவும்" என்று சொல்லிவிடுவார். சூட்டைக் காட்ட மீட்டர் இருக்கிறது. ஆனாலும் முதலாளி மீட்டரைப் பார்த்த பிறகு இவர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். இவர் தலையாட்டினால்தான் அடுப்பு அடங்கும். முப்பது வருஷம் இப்படிப் பார்த்ததில், எதைப் பரிசோதிக்க நினைத்தாலும் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். சந்தையில் கத்திரிக்காய், பஸ்ஸில் போர்டு, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, எல்லாமே ஒற்றைக் கண்ணில்தான்.

அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனார்கள். பெண் காபித் தட்டோடு வந்து நின்றதும் இவர் இடது கண் மூடிக்கொண்டது. பெண்ணின் மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். நல்லவேளையாக இவர் மனைவி குறுக்கே வந்தார்.

"கோவப்படாதீங்க. அது சூளையில வந்த பழக்கங்க. கட்டிக்கிட்டு வந்து இருவத்தஞ்சு வருஷம் ஆவுது, எனக்கே ஒருநாளும் ஆசையா கண்ணடிச்சதில்ல இந்த மனுஷன்!"

இவர் அதைக் கவனிக்கவே இல்லை. "டம்ளர்ல கீறல் இருக்குது, வேற டம்ளர் குடுங்க" என்றார். கல்யாணம் நடந்தது. டம்ளரும் மாறியது.

இந்த மனிதர் எங்கள் நாடகக் குழுவுக்குள் வந்ததற்குக் காரணம், போன வருஷம் நாங்கள் பட்ட அவமானம்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஊர்ப் பொது மண்டபத்தில் சாயங்காலம் ஆறரை மணிக்கு நாங்கள் நாடகம் போடுவோம். எழுதுவது நான். நடத்துவது இன்சூரன்ஸ் ஏஜென்ட் ராமலிங்கம். போன வருஷ நாடகத்தின் கடைசிக் காட்சியில், பஸ் ஸ்டாப்பில் ஒரு தாய் மகனுக்காகக் காத்திருக்கிறாள். பொழுது சாய்கிறது. வசனம் கிடையாது. தாயாக நடித்தது செல்வி டீச்சர். பொழுதைச் சாய்க்க எங்களிடம் இருந்ததோ நாலு ஃபோகஸ் லைட்டு. ஒவ்வொன்றாக அணைத்தோம். இரண்டாவது அணைந்ததுமே கூட்டத்தில் ஒரு குரல், "கரண்ட்டு போச்சுடோய்!" அடுத்த நொடி, மண்டபத்து ஜெனரேட்டர்காரர் கடமை உணர்ச்சியோடு ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டு, மண்டபத்து விளக்கு அத்தனையையும் எரியவிட்டார். சூரியன் மறையவேண்டிய நேரத்தில் நாலு திசையிலும் உதித்தது.

மண்டபக் கமிட்டித் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா, அந்த நாளைப் பாட்டுக் கச்சேரிக்குக் குடுத்துடுவோம். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

செல்வி டீச்சர் அதைவிடக் கறாராகப் பேசினார். "லைட்டு பட்டுனு எரிஞ்சப்ப நான் அழுவறதுக்கு வாயக் கோணலா வெச்சிருந்தேன் சார். ஸ்கூல்ல புள்ளைங்க ஒரு மாசம் அதையே செஞ்சு காட்டுச்சுங்க. இந்த வருஷமும் அதே சீனைப் போடுங்க, நடிக்கிறேன். ஆனா பொழுது பொழுதாட்டம் சாயணும். இல்லன்னா என்னய விட்டுடுங்க."

அவர் இல்லாவிட்டால் நாடகம் இல்லை. நாடகம் இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் எழுதுவதைக் கேட்க நாதி இல்லை. ஆகவே, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எல்.இ.டி. ஸ்ட்ரிப் வாங்கி, பஸ் ஸ்டாப் செட்டின் கூரைக்குள் ஒளித்து ஒட்டுவது என்று முடிவாயிற்று. "வெளிச்சம்னா சூளக்கண்ணுதான்" என்று அவரைக் கூட்டிவந்தவர் ராமலிங்கம். வந்தவர் என் நாடகப் பிரதியை வாங்கி ஒற்றைக் கண்ணால் இரண்டு பக்கம் பார்த்தார். "ம்" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

கடைவீதி எலக்ட்ரிக்கல் கடையில் நடந்ததை எழுதினால் அதுவே தனி நாடகம். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பீங்கான் குழாயை எடுத்தார். அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் எரியவிட்ட முதல் ஸ்ட்ரிப்பைப் பார்த்தார்.

"இது இன்னா வெள்ளை? ஆஸ்பத்திரி வெள்ளையா இருக்குது. இதுல நின்னா டீச்சரம்மா பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டாங்க, ஊசி போட்டுக்கக் காத்திருப்பாங்க. வேற காட்டுங்க."

"இது வார்ம் ஒயிட்டுங்க. மூவாயிரம் கெல்வின்" என்றார் கடைக்காரர்.

"எவ்ளோ?"

"மூவாயிரம்."

சூளைக்கண்ணர் ஸ்ட்ரிப்பை விரலால் தொட்டார். பிறகு முழங்கையால் தொட்டார். "ஆயிரத்து எரநூறுலயே எங்க பீங்கான் வெந்துடுது. மூவாயிரம்னா இந்நேரம் உங்க கடையே கூழா ஓடியிருக்கணும். யாருகிட்ட கத வுடுறீங்க?"

அது சூட்டின் அளவு அல்ல, நிறத்தின் கணக்கு என்று கடைக்காரர் அரை மணி நேரம் விளக்கினார். முழுக்கக் கேட்டுவிட்டு, "நெறத்துக்கு எதுக்குங்க நம்பரு? கண்ணு இருக்குதே" என்று முடித்துவிட்டார்.

பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார். ஒரு ஸ்ட்ரிப் பாதி வரை ஒழுங்காக இறங்கி, கடைசியில் பட்டென்று அணைந்தது. "சூரியன் இன்னா கடைசிப் படியில தடுக்கியா வுழுது?" இன்னொன்றில் பல்புகள் தள்ளித் தள்ளி இருந்தன. "மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வெச்சாப்ல இருக்குது. நெருக்கமா இருக்கறதக் குடுங்க." மூன்றாவதைக் குறைத்துவிட்டு ராமலிங்கத்தின் செல்போன் கேமரா வழியாகப் பார்த்தார். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடின. "நேர்ல நல்லாத்தான் இருக்குது. ஆனா டீச்சரம்மா நடிப்ப நீங்க வாட்ஸ்அப்புல அனுப்புனா, அவங்க மூஞ்சில வரிக்குதிர ஓடும். வாணாம்." கடைக்காரர் எங்களுக்கு டீ சொல்வதை நிறுத்திவிட்டு, தனக்கு மட்டும் சொல்லிக்கொண்டார்.

கடைசியில் பன்னிரண்டு வோல்ட்டில் எரிகிற இரண்டு வகை தேறின: ஒன்று மஞ்சள் கலந்த வெள்ளை, இன்னொன்று செம்மஞ்சள். இரண்டு எதற்கு என்று கேட்டேன்.

"நெருப்பு ஆறுறப்ப வெறுமனே கொறையாது தம்பி. வெள்ள மஞ்சளாவும், மஞ்சள் செவப்பாவும், அப்புறம்தான் கருக்கும். பொழுதும் அதேதான். இந்த லைட்டு கொறையும், ஆனா செவக்காது. அதனால ஒண்ண எறக்கிக்கினே இன்னொண்ண ஏத்தணும்."

ஒத்திகை நாளில் ராமலிங்கம் முந்திரிக்கொட்டை வேலை பார்த்தார். சூளைக்கண்ணர் வருவதற்குள், தன் வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிவந்து, லைட்டுக்குப் போகிற கரண்டில் மாட்டிவிட்டார். மூன்றாம் நம்பரில் வைத்ததும் ஸ்ட்ரிப் முழுக்கக் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. சூளைக்கண்ணர் வந்து பார்த்தார். கண் மூடியது.

"ஏன் சார், உங்க வூட்ல சூரியனுக்கும் ஃபேனாட்டம் றெக்க மூணா?"

அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்ட்ரிப்புக்கென்றே உள்ள திருகு டிம்மர் இரண்டை மாட்டினார். நீளமான ஸ்ட்ரிப்பின் கடைசிமுனை மங்கியபோது, இரண்டு பக்கமிருந்தும் வயர் கொடுத்தார். இரண்டு கையில் இரண்டு திருகு. செல்வி டீச்சரை உட்காரவைத்து, பத்து நிமிஷம் பொழுதை இறக்கிப் பார்த்தார். அவசரப்படுத்திய என்னிடம், "சூளைய அவசரமா ஆறவெச்சா சரக்குல கீறல் வுழும். இதுவும் அதான்" என்றார்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. கமிட்டித் தலைவர் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூளைக்கண்ணர் ஜெனரேட்டர்காரரைத் தனியே கூப்பிட்டார். "வெளிச்சம் கொறைஞ்சா அது நாடகம். நான் கையக் காட்டாம நீ அந்த ஜெனரேட்டரத் தொடக்கூடாது" என்று சொல்லி ஒரு கண்ணை மூடினார். அந்த மனிதர் பயந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவர் காலடியில் சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்று இருந்தது. என்ன என்று கேட்டேன். "அப்புறம் சொல்றேன், போங்க" என்றார்.

கடைசிக் காட்சி. செல்வி டீச்சர் பையை மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்திருந்தார். வெயில் தணிந்தது. மஞ்சள் வெயில் அவர் முழங்கையில் நின்றது. கூட்டத்தில் இருமல்கூட இல்லை.

அப்போது என் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகி நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர் டீக்கடை இருட்டு. தெருவே இருட்டு. நிஜமாகவே கரண்ட் போய்விட்டது! மேடையைப் பார்த்தேன்.

அங்கே பொழுது தன் பாட்டுக்குச் சாய்ந்துகொண்டிருந்தது.

மஞ்சள் சிவப்பானது. டீச்சர் எழுந்து சாலையை எட்டிப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். கூட்டத்துக்கு வேர்த்தது. ஒருவரும் அசையவில்லை. ஜெனரேட்டர்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சிவப்பும் கருத்துப்போகிற நேரம், அந்தத் தாய் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போனாள். போன வருஷம் கரண்ட் இருந்தபோது "கரண்ட்டு போச்சு" என்று கத்திய ஊர், இந்த வருஷம் கரண்ட் போனதே தெரியாமல் இருட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கைதட்டல் எழுந்த பிறகுதான் சூளைக்கண்ணர் கையைக் காட்டினார். ஜெனரேட்டர் உறுமியது. கமிட்டித் தலைவர் கையைப் பிரித்துத் தட்டிக்கொண்டிருந்தார். செல்வி டீச்சர் திரைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே அழுதார், வாய் கோணலாக.

நான் ஓடிப்போய்ச் சாக்கை விலக்கினேன். உள்ளே ஒரு பெரிய பேட்டரி.

"கரண்ட நம்பி எவனாவது சூளை வெப்பானா தம்பி? பன்னெண்டு வோல்ட்டு லைட்டுக்குப் பன்னெண்டு வோல்ட்டு பேட்டரி. அவ்ளோதான்."

"ஏதுண்ணே இது?"

அவர் சாக்கை உதறி மடிக்க ஆரம்பித்தார். வெளியே ராமலிங்கம் தன் காரைக் கிளப்ப முடியாமல் கத்துகிற சத்தம் பதில் சொன்னது.

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. இரண்டும் ஈரமாக இருந்தன.

"இன்னாண்ணே, ஒரு கண்ண மூடலியா?"

"அது சரியா தப்பான்னு பாக்கறப்பதான் தம்பி" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெந்துடுச்சுன்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு மூடிக்கினு? டீச்சரம்மா எழுந்து போனப்ப ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

அடுத்த நாடகத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைவீதியில் எதிரே வந்தால், சூளைக்கண்ணர் என்னைப் பார்த்து வழக்கம்போல இடது கண்ணை மூடுகிறார். நான் இன்னும் வேகவில்லை போலிருக்கிறது. அவர் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்க்கிற நாள் வரைக்கும் எழுதிக்கொண்டே இருப்பேன்.