கேட்காமல் தராத அபிவிருத்தியார்

பிள்ளையள், இந்த லண்டனில் நீங்கள் எத்தனையோ நல்ல மனிசரைக் காணுவீர்கள். ஆனால் தாகத்தில் விழுந்து கிடக்கிறவனிடம்கூட "உங்களுக்குத் தண்ணிதான் தேவையா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே போத்தலைத் திறக்கக்கூடிய ஒரு மனிசன் இந்த ஊரில் ஒரேயொருவர்தான். அவர் உங்கட அப்பா நான் வேலை செய்யிற அலுவலகத்தில் இருக்கிறார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அபிவிருத்தியார். மதுரைப் பக்கத்துக்காரர், லண்டன் ஓரத்தில் சட்டனில் வீடு, பெரிய பொருளாதாரப் படிப்பு, ஏழை நாடுகளை முன்னேற்றுவதுதான் வேலை. எங்கட அலுவலகம் என்ன செய்யிறது என்று நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். வேறு நாட்டு நிதி அமைச்சர்கள் வருவார்கள். வரியை எப்படிப் போடுவது, முதலில் றோட்டா பள்ளிக்கூடமா, அதற்கு இந்த நாட்டு அரசாங்கம் என்ன உதவி செய்யலாம் என்று இருந்து பேசுவார்கள். உலகப் பொருளாதாரத்தில் என் பங்கு, அவர்களுடைய கதிரைகளை நேராக வைத்து மேசையில் தண்ணி வைப்பது. ஒரு கதிரை கோணினால் ஒரு நாடே கோணிப்போகும் என்ற நினைப்பில்தான் நான் அங்கே நடமாடுவேன்.

அபிவிருத்தியார் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. இளமையில் ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரைக் கிராமத்துக்கு, மீன் பழுதாகாமல் வைக்க ஒரு குளிர் அறை கட்டிக் கொடுத்தாராம். அங்கே பிடிக்கிற மீனெல்லாம் அன்றன்றே விற்றுத் தீர்ந்துவிடுமாம். பிறகொருக்கால் போய்ப் பார்த்தால் அறைக்குள் ஆடு குட்டி போட்டிருந்ததாம். அன்றோடு சத்தியம் பண்ணினார். கேட்காமல் ஆருக்கும் ஒன்றும் கொடுப்பதில்லை. வேண்டாம் என்றவருக்குத் திணிப்பதும் இல்லை.

ஒருநாள் லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. அவர்தான் பொத்தானுக்குப் பக்கத்தில். அலாரப் பொத்தானை அமத்த முதல், எல்லாருக்கும் சம்மதமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். கடைசி ஆள் நான். எனக்கு வெக்கம். "உங்கட விருப்பம் சேர்" என்றேன்.

"அது பதில் இல்லண்ணே" என்றுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து ஆரோ கையை நீட்டி அமத்தியதால்தான் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

எங்கட ஊர் ஆக்களிடம் வேணுமா என்று எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்போம். மற்றவர் வற்புறுத்தினால்தான் எடுப்போம். அவருக்கு அது தெரியாது. தீபாவளிக்கு லட்டுப் பெட்டியை நீட்டினார். இப்பதான் சாப்பிட்டனான் என்றேன். சரி என்று மூடிக்கொண்டு போய்விட்டார். பெட்டி கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

லட்டுப் போனால் போகட்டும். அப்போது எனக்கு மாலை ஷிப்ட். நீங்கள் பள்ளிக்கூடத்தால் வர நான் வேலைக்குப் போயிருப்பேன். நான் வர நீங்கள் நித்திரை. பள்ளிக்கூடம் விட முதல் முடிகிற பகல் ஷிப்டில் ஒரு இடம் காலியாகிறது என்று கதை அடிபட்டது. அபிவிருத்தியார் ஒரு சொல் சொன்னால் மனேஜர் கேட்பார். அந்த மனிசன் தானாகவே படியிறங்கி வந்து, "அண்ணே, பகல் ஷிப்ட் உங்களுக்கு வேணுமா?" என்றார்.

என் வாய் இருக்கிறதே. "இல்லை சேர், இதுவே காணும். உங்களுக்கேன் கரைச்சல்" என்றது.

"சரிண்ணே."

வீட்டில் வந்து சொன்னேன். உங்கட அம்மா சோற்றைப் போட்டபடியே, "அப்ப பிள்ளையளுக்கு உங்கட படத்தை மாட்டி விடுறன், ஆளை மறக்காமல் இருக்கட்டும்" என்றார்.

அடுத்தநாள் தண்ணிச் சாடியோடு கூட்ட அறைக்குள் போனேன். அபிவிருத்தியார் ஒரு நிதி அமைச்சருக்கு வரி விளக்கிக்கொண்டிருந்தார். சாடியை வைத்துவிட்டுத் திரும்பத்தான் நினைத்தேன். ஆனால் வாய் தன்பாட்டில் திறந்தது.

"சேர், எனக்கு வேணும்."

பேச்சை நிறுத்திவிட்டார். அமைச்சரும் என்னைப் பார்த்தார்.

"எதுண்ணே?"

"பகல் ஷிப்ட்."

"அதனால யாருக்குப் பிரயோஜனம்?"

"பிள்ளையளுக்கு, சேர்."

"அவங்கள கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அமைச்சருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் கேட்கவில்லை என்பது அவருக்கும் விளங்கியதுபோல் இருந்தது. கேட்டுவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பிவிட்டு, அபிவிருத்தியார் விட்ட இடத்தில் வரியைப் பிடித்தார்.

சனிக்கிழமை உங்களுக்கு முன்னால் வந்து நின்று கேட்டேனே, ஞாபகமா? ஓடிவந்து கட்டிப்பிடிப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். மூத்தவன், நீ போனிலிருந்து தலையை எடுக்காமல், "அப்ப பின்னேரம் டீவி றிமோட் ஆற்ற கையில?" என்றாய். சின்னவள், நீ யோசித்துவிட்டு, "ஸ்கூல் கேட்டுக்கு வருவீங்களா, காருக்குள்ளயே இருப்பீங்களா?" என்றாய். கேட்டுக்கு வாறன் என்றேன். "அப்ப ஓகே."

திங்கட்கிழமை எல்லாவற்றையும் அப்படியே ஒப்புவித்தேன், டீவி விஷயத்தையும் மறைக்காமல். அபிவிருத்தியார் நெற்றியைச் சுருக்கினார்.

"ஆதரவு ஒன்னு, எதிர்ப்பு ஒன்னு. வீட்டுல அவங்க?"

"அவ பெரிய ஆதரவு, சேர்."

"அப்ப சரிண்ணே" என்றுவிட்டு நேரே மனேஜரிடம் போனார்.

பகல் ஷிப்டுக்கு வந்த பிறகுதான் ஒன்றைக் கண்டேன். அந்தக் கூட்ட அறையில் காலை வெய்யில் நேரே அவருடைய கதிரைக்குத்தான் விழும். திரையை மூடவா, மற்றவர்களுக்கு வெளிச்சம் வேணுமா வேண்டாமா என்று அவர் கேட்டு முடிக்க முதல் கூட்டம் தொடங்கிவிடும். பிறகு மனிசன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே ஒரு நாட்டின் வரவுசெலவைப் பேசுவார்.

மற்றநாள் ஆரும் வர முதல் தனிய அந்த அறைக்குப் போனேன். அவருடைய கதிரைக்கு நேரேயுள்ள யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டேன். அவரைக் கேட்கவில்லை.