கம்பீரா கார் நின்ற கதை

ஒரு காட்டில், புலி ரோடு போட்டு, நரி அதற்கு டோல்கேட் வைத்த பிற்பாடு நடந்த கதை இது. அதற்கு முந்தின கதைகளில் எல்லாரும் கால்நடையாகத்தான் போனார்கள், அது நமக்கு வேண்டாம்.

அந்தக் காட்டில் கம்பீரா மோட்டார் கம்பெனி என்று ஒன்று இருந்தது. எழுபது வருஷத்துக் கம்பெனி. வேழமுத்து என்கிற யானை, தான் உட்காருவதற்குத் தோதாக ஒரு காரைக் கட்டினார். யானைக்குக் கட்டிய கார் என்பதால் சாமானியக் குடும்பம் ஒன்பது பேர் மூட்டை முடிச்சோடு ஏறின பிறகும் ஓர் அத்தைக்கு இடம் இருக்கும். தொழிற்சாலை வாசலில் ஆள் உயர எழுத்தில் ‘கம்பீரா நடுவழியில் நிற்காது’ என்று எழுதி வைத்தார். சும்மா சொல்லக் கூடாது, எழுபது வருஷத்தில் ஒரு கம்பீராகூட நடுவழியில் நின்றதில்லை. சனியன் அங்கேதான் பிடித்தது.

நிற்காத வண்டியை எதற்குக் கூப்பிடுவார்கள், நீங்களே சொல்லுங்கள். கல்யாணத்துக்கு ஓர் அரை மணி பிந்திப் போனால் என்ன, சாப்பாட்டுப் பந்தி மூன்று நடக்கும். ஆனால் பக்கத்துக் காட்டில் பெரியப்பா போய்விட்டார் என்று சேதி வந்தால், எடுப்பதற்குள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அப்போது யாரும் யோசிக்க மாட்டார்கள், கம்பீராவைக் கூப்பிடு என்பார்கள். இப்படியே மூன்று தலைமுறையாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கம்பீரா என்றாலே எழவு வண்டி என்று ஆகிப்போயிற்று. அந்த ஹாரன் சத்தம் கேட்டால் அடுப்படியில் இருப்பவள் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, யாருக்கு என்னாச்சு என்று வாசலுக்கு ஓடி வருவாள்.

இப்போது கம்பெனியை நடத்துகிறவள் வேழமுத்துவின் பேத்தி மாதங்கி. பாவம், அவள் படாத பாடில்லை. போன வருஷம் ஒரு மான் மாப்பிள்ளை கம்பீராவில் வந்து பெண் வீட்டு வாசலில் இறங்கினான். வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் பெண்ணின் சின்னம்மா தலைவிரி கோலமாக வந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டாள். மாப்பிள்ளை மாலையோடு எதிரே நிற்கிறான். பாதியில் நிறுத்தினால் அபசகுனம் என்று யாரோ சொல்ல, பாட்டை முழுசாக முடித்துவிட்டுத்தான் ஆரத்தி எடுத்தார்கள்.

இதுவாவது போகட்டும். சிங்கராஜாவுக்கும் பரம்பரையாகக் கம்பீராதான். அவர் காற்றாட ஊர் சுற்றி வரலாம் என்று வண்டியை எடுத்தால் காடே கடையை அடைத்துவிடும். அரண்மனைக்கு இரண்டு தடவை மலர்வளையம் வந்துவிட்டது. இரண்டாவது வளையத்தில் ‘ஆழ்ந்த வருத்தத்துடன், மந்திரிகள்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாதங்கியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஆவணி முடியறதுக்குள்ள ஒரே ஒரு நல்ல காரியத்துக்காவது உன் வண்டி ஓடணும். ஊர் அதைப் பார்த்துச் சிரிச்ச முகமா நிக்கணும். இல்லேன்னா உன் தொழிற்சாலையை இழுத்து மூடிட்டு அந்த இடத்துல நான் குளம் வெட்டிக்கறேன்.”

இருநூறு கீரிகளும் உடும்புகளும் மாதங்கியை நம்பிப் பிழைக்கின்றன. தாத்தா போட்ட கூரையின் கீழ் தவளை நீச்சலடிப்பதா?

டோல்கேட் நரிக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் கெட்டவர்களுக்குப் பெயர் எடுத்துத் தருவது அவன் தொழில். அவனை வரவழைத்தாள். அவன் வந்ததும் காருக்கு மாம்பழ மஞ்சள் அடிக்கச் சொன்னான். காட்டு ஜனம் பார்த்துவிட்டு, ‘பாவம், மஞ்சத்தண்ணி தெளிச்சிருக்காங்க’ என்றது. மயிலை வைத்துக் கார் முன்னால் ஆட விட்டு விளம்பரம் எடுத்தான். ‘அந்த மயிலுக்கு யார் போயிட்டாங்களோ, துக்கத்துல புத்தி பேதலிச்சு ஆடுது’ என்று ஊரே உச்சுக் கொட்டியது. ‘கம்பீரா ஜாலி’ என்று பெயர் மாற்றிப் பார்த்தான். ஜாலி என்கிறவர் எப்போது போனார் என்று துக்கம் விசாரித்து நாலு பேர் வந்தார்கள்.

கடைசியில் பதினான்கு கேள்வி போட்டு ஒரு படிவம் அடித்து, டோல்கேட்டில் வரிசையில் நிற்கிறவர்களிடம் கொடுத்து நிரப்பச் சொன்னான். அவசரம் என்றால் எந்தக் காரைக் கூப்பிடுவீர்கள்? அத்தனை பேரும் கம்பீரா என்று எழுதியிருந்தார்கள். சரி, எந்தக் காரை வாங்குவீர்கள்? அத்தனை பேரும் மின்னல். மின்னல் என்பது சிறுத்தையின் கம்பெனிக் கார். பார்க்க ஷோக்காக இருக்கும், பத்து மைலுக்கு ஒரு தடவை படுத்துக்கொள்ளும். ஏன் கம்பீரா வேண்டாம் என்ற கடைசிக் கேள்விக்கு ஒரு குள்ளநரி நேர்மையாக எழுதியிருந்தது: ‘வாசலில் நிறுத்தினால் மாமியார் அழுதுகொண்டு வந்துவிடுவார், பிறகு போக மாட்டார்.’

ஆவணி மாசத்துக் கடைசி முகூர்த்தம் வந்துவிட்டது. அன்றைக்கு முள்ளம்பன்றி வீட்டில் கல்யாணம். முள்ளம்பன்றிகளுக்கு யாரும் வண்டி கொடுப்பதில்லை, சீட்டு சல்லடையாகிவிடும் என்று. மாதங்கி தானே வலியப் போய், மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டியில் ஏறுங்கள், சீட்டு போனால் போகட்டும் என்று கெஞ்சினாள். வேறு நாதியில்லாததால் அவர்களும் சரி என்றார்கள்.

தொழிற்சாலையில் ஒரே கொண்டாட்டம். எத்தனை நாள் கழித்து ஒரு நல்ல காரியம்! ஃபோர்மேன் உடும்பு கெட்டியப்பனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பூசணிக்காய் உடைத்தார். அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை. திருஷ்டி படுவது வெளியேயா படுகிறது, என்ஜினில் அல்லவா படும் என்று தனக்குத்தானே முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் பானெட்டைத் திறந்து, எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிற்றை என்ஜினுக்கே கட்டி மூடிவிட்டார். உடும்புப் பிடி என்பார்களே, அந்த மாதிரி ஒரு முடிச்சு.

நாதஸ்வரம் முன்னே போக, மாப்பிள்ளை காரில் வர, கடைத்தெரு நெடுக ஜனம் வழக்கம்போலத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுக்கிக்கொண்டு தலை குனிந்து நின்றது. மாதங்கி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். சரியாக நடுக்கடைத்தெருவில் கயிறு போய் ஃபேனில் சுற்றிக்கொண்டது. வண்டி இரண்டு தடவை தும்மியது. பிறகு நின்றுவிட்டது.

எழுபது வருஷத்தில் முதல் தடவை. மாதங்கிக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தாத்தாவின் மானம் போயிற்று, தொழிற்சாலை போயிற்று, குளம் வந்துவிட்டது என்று ஸ்டீயரிங்கிலேயே தலையைச் சாய்த்துவிட்டாள்.

கடைத்தெருவில் குனிந்த தலையெல்லாம் நிமிர்ந்தது. அப்போது வாழைக்காய்க் கடைக் குரங்கு மெதுவாகச் சொன்னது:

“கம்பீரா நின்னிருக்குன்னா, அப்போ யாரும் சாகலை.”

அவ்வளவுதான். ஒருத்தர் சிரிக்க, பக்கத்தில் இருந்தவர் சிரிக்க, கடைத்தெருவே குலுங்கியது. எழுபது வருஷமாக அந்த வண்டியைப் பார்த்துப் பார்த்து அடக்கி வைத்த பயமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. கரடி துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு பின்னால் வந்து கை கொடுத்தது. மானும் நரியும் தோளைக் கொடுத்தன. முள்ளம்பன்றி சம்பந்தியும் இறங்கித் தள்ள, குத்தின இடத்தைத் தடவிக்கொண்டே இரண்டு பக்கமும் எல்லாரும் தள்ளினார்கள். நாதஸ்வரக்காரர் தள்ளுவதற்குத் தோதாக வாசித்தார். ஆளாளுக்கு செல்போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். மான் வீட்டுச் சின்னம்மாகூட வந்து, ஒப்பாரி மெட்டிலேயே ஒரு கல்யாணப் பாட்டு பாடினாள்.

மறுநாள் காலையில் தொழிற்சாலை வாசலில் டோல்கேட் வரைக்கும் வரிசை. எல்லார் கையிலும் பதிவுப் படிவம். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: இது நிற்கிற மாடல்தானே, ஓடுகிறதைத் தலையில் கட்டிவிட மாட்டீர்களே?

சிங்கராஜா குளத்தைக் கைவிட்டார். கெட்டியப்பனுக்குப் பதவி உயர்வு, இனி ஒவ்வொரு என்ஜினுக்கும் அவர் கையால் ஒரு கயிறு. வாசல் எழுத்தில் கடைசி வார்த்தையை மட்டும் மாற்றச் சொன்னாள் மாதங்கி. ‘கம்பீரா நடுவழியில் நிற்கும்’ என்று பெயிண்ட் அடிக்கும்போது அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அழுகையாக வந்தது, ஆனால் இருநூறு குடும்பம் சாப்பிடுகிறது.

ஒரு நாள் மத்தியானம் பின்பக்கத்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், மின்னல் கம்பெனிச் சிறுத்தை வேர்த்து விறுவிறுத்து நிற்கிறது. வீட்டுக்காரிக்கு வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் என்றது. உங்கள் முற்றத்தில் மின்னல் வண்டியே முப்பது நிற்கிறதே என்று கேட்டாள் மாதங்கி. சிறுத்தை தலையைக் குனிந்துகொண்டது.

“அதுல எப்படிம்மா ஏத்தறது? உன் கிட்ட பழசு ஒண்ணு இருக்குமே.”

இருந்தது. கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டாத பழைய கம்பீரா ஒன்று.

“இதை மட்டும் ஏன் விக்கலை?” என்று கேட்டது சிறுத்தை.

“எனக்கும் அம்மா இருக்காங்கண்ணே” என்றாள் மாதங்கி, சாவியைக் கொடுத்தபடி.

ஏறி உட்கார்ந்த சிறுத்தை தயங்கித் தயங்கி, பெயர்ப்பலகையை மூட ஒரு கோணி கிடைக்குமா என்று கேட்டது. கோணி அளவெடுத்துத் தைத்தே வைத்திருப்பதாகவும், நேற்றுத்தான் ராஜா கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்ததாகவும் சொல்லி, அவளே முன்னால் போய் மாட்டிவிட்டாள்.

வண்டி மலையேறி, நிற்காமல் போய்ச் சேர்ந்தது. தாயும் மூன்று குட்டிகளும் சௌக்கியம். பெயர் சூட்டு விழாவில் சிறுத்தை எல்லார் முன்னிலையிலும் கண் கலங்கி நன்றி சொன்னது, மின்னல் காருக்கு. மாதங்கி பந்தியில் உட்கார்ந்து கை தட்டினாள். வரும் வழியில் அவள் புதுக் கம்பீரா நின்றுவிட்டது, நாற்பது பேர் சிரித்துக்கொண்டே ஓடி வந்து தள்ளினார்கள்.

நீதி: நடுவழியில் விடாதவனை ஊர் எழவுக்கு மட்டுமே கூப்பிடும். நாலு பேர் கொண்டாட வேண்டுமானால் நல்ல கடைத்தெருவாகப் பார்த்து நின்றுவிடுங்கள். ஓடுவதாக இருந்தால் கோணியை மாட்டிக்கொண்டு ஓடுங்கள்.