வாட்ச் மேய்த்தவர்

ராயபுரத்தில் அத்தனை வாட்ச் வைத்திருந்த மனிதர் வேறு யாரும் கிடையாது. மணி என்ன என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டிய மனிதரும் வேறு யாரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள். ஞானஸ்நானத்தின்போது சாமியார் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் தெருவுக்கு அவர் ஆட்டோமேட்டிக் அண்ணன்.

பேட்டரி வேண்டாம், சாவி கொடுக்க வேண்டாம், கட்டியிருப்பவரின் கை அசைந்தாலே ஓடும் என்கிற ரக வாட்ச்சுக்குத்தான் ஆட்டோமேட்டிக் என்று பெயர். அண்ணன் அதை மட்டுமே சேர்த்தார். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். சாயங்காலமானால் மேலே வந்து, இரண்டு கையிலும் இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டு, வினாடி முள் வழுக்கிக்கொண்டு போவதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நாலும் நாலு நேரம் காட்டும். திருத்தி வைக்கலாமே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"மணிதான் போன்ல கீதே நைனா. இது பாக்கறதுக்கு" என்றார்.

வாங்குவதெல்லாம் பல்லாவரம் சந்தையில், பழசாக. விலை அதிகமான வாட்ச் வேறு, நல்ல வாட்ச் வேறு என்பது அவர் கட்சி. பேரம் பேச ஒரு தந்திரமும் வைத்திருந்தார். வாட்ச்சைப் பார்க்கவே மாட்டார். பக்கத்தில் கிடக்கும் ஓட்டை இஸ்திரிப் பெட்டிக்கு அரை நாள் பேரம் பேசி, கடைக்காரன் களைத்துப்போன நேரத்தில், "சரி, அத்த வுடு. இத்தயாவது பாத்துப் போட்டுக் குடு" என்று வாட்ச்சைத் தொடுவார். பெரும்பாலும் பலிக்கும். சில சமயம் கடைக்காரன் மனமிரங்கி இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துவிடுவான். பேசின பேச்சுக்கு வாங்கித்தானே ஆகவேண்டும்? அவர் மனைவி பிலோ அக்கா பரணைக் காட்டி, ஊரில் எல்லோர் துணியையும் தேய்க்கிற அளவுக்குப் பெட்டி இருக்கிறது, ஒன்றுகூடச் சூடாகாது என்று புலம்புவார்.

சேர்த்தது சரி, ஓட வேண்டுமே? அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மலை மாதிரி கண்டெய்னரைத் தூக்கி வைப்பார், ஆனால் அசைவது விரல் மட்டும்தான். கை அப்படியே இருக்கும். அவர் கட்டிய வாட்ச்செல்லாம் வரிசையாக நின்றது. அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியத்துக்குத்தான் தெருவில் 'மேய்ச்சல்' என்று பெயர். கை ஓயாமல் வேலை செய்கிறவர்களாகப் பார்த்துத் தம் வாட்ச்சை இரவல் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் கோயில் வாசலில் கையை நீட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, ஆள் மாற்றிக் கட்டிவிடுவார். உள்ளே நற்கருணைக்கு நின்ற வரிசையைவிட வெளியே நின்ற இந்த வரிசை ஒழுங்காக இருக்கிறது என்று சாமியாருக்கே வருத்தம்.

முனைக்கடை பரோட்டா மாஸ்டர் கைதான் முதல் தரம். வாட்ச் நின்றதாகச் சரித்திரமே இல்லை. காசிமேட்டில் மீன் வெட்டும் ரோசி அக்காவிடம் தண்ணீர் புகாததாகப் பார்த்துக் கொடுப்பார். திரும்பி வரும்போது அதில் வஞ்சிரம் வாசனை அடிக்கும், அதனால் பாதகமில்லை. எனக்கும் ஒன்று கட்டிவிட்டார். எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்குக் கணக்கெழுதும் உத்தியோகம். முதல் வாரமே வாட்ச் நின்றுபோனது. அதைக் காதில் வைத்துக் கேட்டவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆபீஸ்ல நீ இன்னாதான் பண்ணிகினு கீற?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டு, கழற்றி, பேண்ட் வாத்தியக்காரரிடம் கொடுத்துவிட்டார். மானம் போனது.

இப்படி ஊரே மேய்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பிலோ அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கால் தேறியிருந்தது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, மாதாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றது தெரு. வலது கைதான் மடியில் யாருடையதோ போலக் கிடந்தது. அசைக்க அசைக்கத்தான் வரும், விட்டால் அப்படியே நின்றுவிடும் என்று பிசியோதெரபிப் பெண் தினமும் வந்து சொன்னாள். அக்கா கேட்கவில்லை. செத்த கைக்கு என்ன பயிற்சி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மீன் குழம்பு வாசனையாலேயே தெருவை வீட்டுக்கு இழுத்த பெண்மணி அவர். இடது கையால் சோற்றை அள்ளத் தெரியாமல் சிந்திவிட்டு அழுததை நான் பார்த்தேன். அண்ணன் மேய்ச்சலை நிறுத்திவிட்டார். வந்த வாட்ச்சையெல்லாம் டப்பாவில் போட்டு மூடினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் வெறிச்சென்று இருந்தது.

ஒருநாள் காலையில் டப்பாவைத் திறந்து, அவருக்கு உயிரான நீல முகப்பு வாட்ச்சை எடுத்தார். அதை அவர் யாரிடமும் மேய்ச்சலுக்கு விட்டதில்லை. பரோட்டா மாஸ்டர் கெஞ்சிக்கூடக் கொடுத்ததில்லை. அதை அக்காவின் வலது கையில் கட்டி, "இத்த இனிமே நீதான் ஓட்டணும்" என்றார்.

அக்கா கத்தினார். கழற்றச் சொன்னார். தோல் வார், ஒற்றைக் கையால் கழற்ற முடியாது. பல்லால் கடித்துப் பார்த்தும் வரவில்லை. பிறகு இடது கையால் வலது கையைப் பிடித்து உதறி வாட்ச்சை ஓட வைத்தார். கள்ளாட்டம் செல்லாது என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தினம் காலையில் வந்து குனிந்து அவர் மணிக்கட்டில் காதை வைப்பார். நின்றிருக்கும். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டீ போடப் போவார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், அந்த மூஞ்சியைக் காலங்கார்த்தாலே பார்க்க முடியவில்லை என்று அக்கா என்னிடம் குறைப்பட்டார். அந்த மூஞ்சிக்குப் பயந்தே முதலில் தோளை அசைத்தார். பிறகு முழங்கை. துணியை வைத்து மேசையைத் துடைக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் தேய்த்தார். வாட்ச் ஓடத் தொடங்கியது. விரல்தான் பிடி கொடுக்கவில்லை. ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாத கை கையா என்று மறுபடி அழுகை.

அதற்குள் சமையல் அண்ணன் வசம் போயிருந்தது. அதுபற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஒரு மத்தியானம் அக்கா அடுப்புப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வழி சொல்ல, அண்ணன் நெத்திலிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். கொதி வரும் நேரத்தில், பரோட்டா மாஸ்டர் சொன்னான் என்று ஒரு பிடி சோம்பை அள்ளிக் குழம்புக்கு மேலே கொண்டுபோனார்.

"யோவ், நெத்திலிக்கு எவனாவது சோம்பு போடுவானாய்யா?"

பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார் அக்கா. வலது கையால். ஐந்து விரலும் இறுகியிருந்தன. பிடித்த வேகத்தில் வாட்ச் அடுப்பு மேடை விளிம்பில் மோதி, கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டது.

அண்ணன் அந்த வாட்ச்சை எடுத்துக்கொண்டு தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். விரிசலைக் காட்டுவார், பேச்சு வராது, கண்ணில் தண்ணீர் நிற்கும். உயிரான வாட்ச் போய்விட்டதே என்று ஆளாளுக்குத் துக்கம் விசாரித்தார்கள். ரோசி அக்கா ஒருபடி மேலே போய், "இன்னாண்ணே, வுடு, மாதா வேற குடுப்பா" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடிதானே, பாரிமுனையில் மாற்றிவிடலாம் என்றேன்.

"இன்னாத்துக்கு நைனா மாத்தணும்? எம் பொண்டாட்டி கை வந்துச்சுன்றதுக்கு இதான அத்தாட்சி" என்றார். படிக்கட்டிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது நான் மாத்தூருக்குக் குடி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தானாக ராயபுரம் பஸ்ஸைத் தேடுகிறது. அக்கா கையால் நெத்திலிக் குழம்பு சாப்பிடத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஆளைப் பார்க்காமல் ஒரு வாரம் போனால் எனக்கு என்னவோபோல் இருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது?