கடைமடையை மேலே எழுதிய விவரம்

கச்சிராயபாளையம்,
22.10.2007

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பொன்னுரங்கம் அவர்களுக்கு,

மாமனார் கந்தசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு உங்கள் சுகமும் கமலாவின் சுகமும் பெங்களூர்க் குளிரின் நிலவரமும் அறிய ஆவல்.

சர்வே ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் நான் வாய்க்கால் சங்கச் செயலாளராக இருந்து எல்லோரிடமும் பேச்சு வாங்கிவருவது உங்களுக்குத் தெரியும். ஐப்பசி பிறந்தும் மலையில் மழை இல்லை, கோமுகி அணையில் தண்ணீர் கம்மி, ஆகையால் முறை வைத்துத்தான் பாய்ச்சல். பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் சி என்ற கணினி மொழியில் எழுதித் தந்த முறைப்பட்டியல் புரோகிராம் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் யாராவது குத்தகை மாறினால் நான் உங்களுக்குப் போன் செய்து, நீங்கள் ஆபீஸ் வேலை முடித்து, அங்கே முழுசையும் மிஷின் மொழிக்கு மாற்றிக் கம்பைல் செய்து அனுப்பி, அது இங்கே வந்து சேர்வதற்குள் தண்ணீர் ஒரு சுற்று போய்விடும். அதனால்தான் அந்த இன்டர்பிரெட்டர் சி.டி.யைக் கூரியரில் அனுப்பி, “மாமா, இனிமே நான் முழுசையும் மாத்தி அனுப்ப வேண்டியதில்லை, நீங்க எழுதினத அதுவே ஒவ்வொரு வரியா படிச்சு அங்கேயே செஞ்சு காட்டும், தப்பு வந்தா திருத்திட்டு உடனே ஓட்டலாம்” என்றீர்கள். அது உடனே ஓடியதுதான், மாப்பிள்ளை, வினை.

வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவே அரை மணி ஆவதால் அவர்களுக்கு அரை மணி ஜாஸ்தி என்று சங்கத்தில் தீர்மானமாயிற்று. அதற்கான வரிகளை நானே எழுதிச் சேர்த்து, போன திங்கட்கிழமை காலை, சங்க ஆபீஸ் நிறைய ஆள் நிற்கும்போது அங்கிருக்கும் கணினியில் ஓட்டினேன். தலைமடைக்காரர் பெயரெல்லாம் அச்சாயின, நடுமடை அச்சாயிற்று, கடைமடை வந்ததும் நின்றுவிட்டது. புரோகிராமில் ஏக்கருக்கு நீங்கள் வைத்த பெயரில் நான் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருக்கிறேன். உங்கள் கம்பைலராக இருந்தால் முதலில் முழுசையும் படித்துப் பார்த்து, தப்பு இருப்பதால் ஒரு வரிகூட அச்சடிக்காமல் எல்லோரையும் சமமாக நிற்க வைத்திருக்கும். இதுவோ தப்பு இருக்கும் இடம் வரும்வரை மூச்சு விடவில்லை. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள், தலைமடையில் பத்து ஏக்கர் கரும்பு வைத்திருக்கும் சங்கத் தலைவர் தெய்வசிகாமணி அச்சான மட்டும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மடை திறக்கக் கிளம்பிவிட்டார், அவர் பின்னால் பாதிப்பேர் போய்விட்டார்கள்.

கடைமடையில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு நெல் நட்டிருக்கும் பிச்சைமுத்து மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “இன்னா சார், எங்க பேரு வந்தா மட்டும் மிஷினு வாய மூடிக்கினு நிக்குது” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் திருத்திப் பட்டியல் கொடுத்தேன், ஆனாலும் மேலே திறந்த தண்ணீர் கீழே வந்து சேர மறுநாள் ஆயிற்று, அதுவும் வயலின் வெடிப்புக்குள்ளேயே போய்விட்டது.

புதன்கிழமை அடுத்த சுற்றுப் பட்டியலுக்கு ஆட்கள் கூடியபோது, பிச்சைமுத்துவின் பக்கத்து வயல் அம்சவள்ளி வந்து, “சார், அது மேலேருந்துதான படிச்சிக்கினு வருது? அப்ப எங்கள மேல எழுதிடுங்க. நிக்கிறது அப்புறம் எங்கனா நின்னுக்கட்டும்” என்றாள். இதில் என்ன தடை என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. முப்பத்தோரு வருஷம் நிலம் அளந்தவனுக்கு இது தோன்றவில்லையே மாப்பிள்ளை. அவள் எதிரிலேயே வரிகளைத் தூக்கி மேலே போட்டு ஓட்டினேன். முதலில் பிச்சைமுத்து, அடுத்து அம்சவள்ளி என்று கடைமடை முழுவதும் வந்து, நடுமடையும் வந்து, தலைமடையில் நின்றது. வரிகளை இடம் மாற்றும்போது அங்கே ஒன்றை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. இந்தத் தடவை கடைமடைக்காரர்கள் காகிதத்தோடு கிளம்பினார்கள்.

“யோவ் கந்தசாமி, நோட்டுலயே எழுதிக்கினு இருந்திருக்கலாம்” என்று தலைவர் கத்தினார். கத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து, “இந்தப் பேரு கீழ வருது, மேல எங்கயும் சொல்லலியே?” என்று தப்பை அவரே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு வந்து தலைமடை வரிகளைச் சரிபார்க்கிறார், அதற்கு மேலே இருப்பவர்கள் வரியும் சரியாக இருந்தால்தான் தன் வரி வரும் என்பதால் அதையும் பார்த்துவிடுகிறார். வருகிற வெள்ளிக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் இந்த மிஷினையே தூக்கிவிடுவதாக இருந்த மனுஷர், “இருக்கட்டும்யா, கண்ணெதிர்லயே திருத்துறோம் இல்ல” என்கிறார். ஆகவே தயவுசெய்து இனி எதையும் கம்பைல் செய்து அனுப்ப வேண்டாம். ஆனாலும் கூட்டத்தில் நாலு பேருக்கு விளங்கும்படி நீங்கள் பேசினால்தான் இது நிலைக்கும். எப்படியாவது லீவு போட்டுவிட்டுக் கமலாவோடு வந்துசேரவும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ப. கந்தசாமி

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்காமல் இரண்டு நாள் பையில் வைத்திருந்துவிட்டேன். இதை எழுதிய திங்கட்கிழமை மத்தியானமே கல்வராயன் மலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. அணை நிரம்பி எல்லா மடையும் திறந்தாகிவிட்டது. முறையும் இல்லை, பட்டியலும் இல்லை, வெள்ளிக்கிழமைக் கூட்டமும் இல்லை, எல்லோரும் வயலில் இருக்கிறார்கள். ஆகையால் லீவு போட வேண்டாம். சங்கக் கட்டடம் ஒழுகுவதால் கணினியை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் வைத்து, உங்கள் அத்தை அதற்குப் போர்வை போர்த்தியிருக்கிறாள். நான் தரையில் படுக்கிறேன். கமலாவுக்குத் தெரிய வேண்டாம்.