மாமனார் வண்டியின் மஞ்சள் விளக்கு

மாமனாரின் கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மாப்பிள்ளை அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துவிட்டார். மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில், குறுக்கே வெட்டிய டயர் மாதிரி ஒரு படம். அதன் நடுவில் ஓர் ஆச்சரியக்குறி.

மாப்பிள்ளைக்கு ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை. எழுத்தாளர்கள் கண்டபடி இறைத்துவைக்கும் ஆச்சரியக்குறிகளை நாள் முழுக்க அடித்துத் தள்ளுகிறவர். அடிக்க முடியாத ஒன்றை இன்றைக்குத்தான் சந்திக்கிறார்.

"அது என்னங்க மஞ்சளா?" பக்கத்தில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"டயர்ல காத்து கம்மியாம்."

"அப்பாவுக்கு போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"கேளு. அப்புறம் ஆயுசுக்கும் நீ பஸ்லதான்."

மனைவி போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மகளின் கால் வீக்கத்தைப் பார்த்து மாமியார் மூக்கைச் சிந்தச் சிந்த, யாருக்கும் வண்டி கொடுக்காத மாமனார் ஒருவழியாக இறங்கி வந்திருந்தார். "இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. சாயங்காலம் குடுத்தது குடுத்தபடி வந்துச்சுன்னா வண்டி உங்களுக்கு. நான் வாங்கின நாள்லேருந்து இதுல ஒரு வார்னிங் லைட் எரிஞ்சு எவனும் பாத்ததில்ல, மாப்பிள்ளை."

சாவி கைக்கு வந்ததும் மாப்பிள்ளை செய்த முதல் வேலை, வண்டியைத் துடைத்ததுதான். சீட்டுக்கடியில் கிடந்த மண், கதவிடுக்குத் தூசி, மாமனார் கண்ணுக்கே தப்பி மீட்டர் கண்ணாடி ஓரத்தில் காய்ந்து ஒட்டிக் கிடந்த ஏதோ கறுப்புப் பிசுக்கு என்று ஒன்றையும் விடாமல் நகத்தால் சுரண்டியிருந்தார். அவ்வளவு பாடுபட்ட மனிதருக்கா இந்தச் சோதனை?

மனைவியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனார். காற்றடிப்பவர் நான்கு டயரையும் அளந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார்."

"அப்புறம் ஏன் லைட் எரியுது?"

"அதை லைட்டைத்தான் சார் கேக்கணும்."

"எதுக்கும் இன்னும் கொஞ்சம் அடிங்க."

"வேணாம் சார்."

"அடிங்கன்றேன்."

அடித்தார். அதன்பின் வண்டி தவளையாகிவிட்டது. சாலையில் ஒரு சுள்ளிமேல் ஏறினாலும் மாப்பிள்ளையின் தலை கூரையில் இடித்தது. விளக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்து பஞ்சர் கடை. கடைக்காரர் டயரை ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"இவ்வளவு காத்து இருந்தா எரியத்தான் செய்யும். எறக்கணும்."

இறக்கினார். விளக்கு எரிந்தது. இன்னும் இறக்கினார். வண்டி விருந்து சாப்பிட்டவன் மாதிரி தரையோடு உட்கார்ந்ததே தவிர, விளக்கு அணையவில்லை. எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழி வரவில்லை. திரும்ப மாட்டும்போது மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"என்ன அது?"

"வீல் கப்போட கொக்கி உடைஞ்சிருச்சு. கம்பி போட்டுக் கட்டித் தர்றேன், வெளிய தெரியாது."

கட்டித் தந்தார். தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் கம்பி பளபளத்தது. கடைசியில், காலையில் இருந்த அதே அளவு காற்றை அடித்து அனுப்பிவைத்தார்.

மாப்பிள்ளை மச்சானுக்கு போன் செய்தார். மச்சான் கம்ப்யூட்டர்காரன். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அணைத்துப் போடச் சொல்கிறவன்.

"ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பட்டன் இருக்கும் அத்தான். அதை அமுக்கிப் பிடிங்க, ரீசெட் ஆயிடும்."

அமுக்கிப் பிடித்தார். மீட்டரில் இருந்த எழுத்தெல்லாம் சட்டென்று வேறு பாஷைக்கு மாறின. எழுத்தை வைத்தே பிழைக்கிறவருக்கு அதில் எது தலை, எது கால் என்று விளங்கவில்லை.

"என்ன பாஷை அத்தான்?"

"தெரிஞ்சிருந்தா இந்நேரம் பிழை பாத்திருப்பேன்."

"அப்ப பேட்டரி வயரைக் கழட்டி மாட்டுங்க. எல்லாம் பழையபடி வந்துரும்."

கழற்றி மாட்டினார். கடிகாரம் பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டது. ரேடியோ ரகசிய எண் கேட்டது. டிரைவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. பாஷை திரும்பி வரவில்லை. விளக்கோ முன்னைவிடப் பிரகாசமாக எரிகிற மாதிரி அவருக்குத் தோன்றியது.

"டேய், ரேடியோ நம்பர் கேக்குதுடா."

"அது அப்பாவுக்குத்தான் தெரியும் அத்தான். அவர்கிட்டயே கேட்டுக்கங்களேன்."

மாப்பிள்ளை போனை வைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று, இனி அது குடையாமல் என்ன செய்யும்?

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் மனைவி செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். கால் அவ்வளவு வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருட வேலையில் அவர் ஒரு பிழையைக்கூட மறைத்தவரில்லை. இன்றைக்கு மறைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

எலக்ட்ரிக் கடையில் ஒரு கறுப்பு டேப் வாங்கினார். அடிக்கோல் வைத்து அளந்து, மனைவியின் பையில் இருந்த சிறு கத்தரியால் நறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கின்மேல் ஒட்டினார். ஓரங்களை விரல்நுனியால் நீவிவிட்டார். விளக்கு இருந்த இடமே தெரியவில்லை.

"அப்பா கண்டுபிடிச்சுட்டா?"

"பிடிக்க மாட்டாரு," என்றார், தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

மாமனார் வாசலிலேயே காத்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராக விரல் முட்டியால் தட்டினார். பின் சக்கரத்தில் கை நின்றது.

"இது என்ன கம்பி?"

"கழண்டு விழுந்துரக் கூடாதுன்னு ஒரு பாதுகாப்புக்கு, மாமா."

மாமனார் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். கண்ணாடியை ஏற்றப் பார்த்தார், ஏறவில்லை. ரேடியோவைத் தட்டினார், எண் கேட்டது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்தார்.

"இது என்ன பாஷை?"

"தெரியல, மாமா."

"ஒரே நாள்ல." மாமனாரின் குரல் கனத்தது. "ஒரு பொருளை வாங்கினா வாங்கின மாதிரி திருப்பிக் குடுக்கத் தெரியணும், மாப்பிள்ளை. இதை எப்படி நம்பி நான் உங்க கையில..."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் மாமனாரின் விரல் மீட்டர் கண்ணாடியின் ஓரத்துக்குப் போய்விட்டது. டேப்பைத் தொட்டது. ஓரத்தைத் தடவியது. அங்கேயே நின்றது.

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். வீட்டு வாசலைப் பார்த்தார். மறுபடி மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு வண்டியை அணைத்து, இறங்கி, சாவியை மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"வண்டி இனிமே உங்களோடது."

"மாமா, அது வந்து..."

"ஒண்ணும் பேசாதீங்க." மாமனார் குரலைத் தாழ்த்தினார். "முக்கியமா உங்க அத்தைகிட்ட."

மாமியார் எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. பாதி திறந்திருந்த கண்ணாடிக்குள் தலையை விட்டு மீட்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கணவரிடம் சொன்னார்:

"இத்தனை வருஷமா நீங்க ஒட்டினது கோணலாவே இருந்துச்சு. மாப்பிள்ளை ஒட்டியிருக்கறதைப் பாருங்க, எவ்வளவு நேரா இருக்குன்னு."