தாராக்காரரும் என் வெள்ளிக்கிழமை விரதமும்

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடியிலிருந்து தாரா முட்டை, அதுதான் வாத்து முட்டை, சாப்பிடாமல் எவனும் பெட்டியோடு வெளியே போனதில்லை. போக விடமாட்டார் தாராக்காரர்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கடல் கடந்து அகதிகளாக வந்த புதிதில் நானும் மச்சானும் அங்கே ஒரு அப்பார்ட்மென்ரில் இருந்தோம். எதிர்க்கதவு அவருடையது. சீனாவில் ஃபூச்சோப் பக்கத்து ஆள். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. குளிர்காலத்தில் உப்புத் தடவிய தாராக்களைப் பல்கனியில் கட்டித் தொங்கவிடுவார். அதனால் தாராக்காரர். மணக்கிறது என்று மனேஜரிடம் முறையிட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான். தங்கள் வீட்டில் கருவாடு பொரித்த கையோடு போய் முறையிட்டார்கள். வெட்கங்கெட்டவர்கள். அவரோ மறுநாள் இன்னும் இரண்டு தாராவைக் கூடுதலாகத் தொங்கவிட்டார்.

அவர்கள் ஊரில் பயணம் போகிறவருக்கும் திரும்பி வருகிறவருக்கும் சூப்பில் மெல்லிய நூடில்ஸ் போட்டு, மேலே அவித்த தாரா முட்டை இரண்டு வைத்துக் கொடுப்பார்கள். போகிற காரியம் கரைச்சல் இல்லாமல் முடியுமாம். இதை எனக்கு அவர் விளங்கப்படுத்தியது இவ்வளவுதான்: "கோ, எக். கம், எக்." கோழி முட்டை சரிவராதா என்று கேட்டேன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

எங்கள் மாடியில் ஒருவரை மனைவி பெட்டியோடு வெளியே தள்ளிவிட்டார். லிஃப்டுக்கு நின்றவரைப் பயணக்காரர் என்று நினைத்துத் தாராக்காரர் இழுத்துப்போய் இருத்திவிட்டார். அவர் அழுதழுது இரண்டு முட்டையையும் சாப்பிட்டு முடிப்பதற்குள் மனைவிக்குக் கோபம் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு தாராக்காரரைப் பிடிக்க முடியவில்லை.

பிறகு என் அகதி விசாரணை வந்தது. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேஸ் முடியும்வரை வெள்ளிக்கிழமை விரதம் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தேன். விசாரணையும் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. ரை கட்டிக்கொண்டு கதவைத் திறந்தால் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"நோ எக். ஃப்ரைடே. கோட்," என்று கடவுளைச் சுட்டி மேலே கையைக் காட்டினேன்.

அவரும் மேலே பார்த்தார். "கோட் நோ கோ. யூ கோ."

நான் கோபக்காரன். தள்ளிக்கொண்டு நடந்தேன். சப்வேயில் திரும்பிப் பார்த்தால் துவாயில் சுற்றிய கிண்ணத்தோடு பின்னால் இருக்கிறார். விசாரணைக் கட்டடம்வரை வந்துவிட்டார். வாசலில் கார்ட் மறித்து, சட்டத்தரணியா, மொழிபெயர்ப்பாளரா, சொந்தக்காரரா என்று கேட்டான்.

"சேம் ஃப்ளோர்," என்றார் தாராக்காரர். கார்ட் என்ன நினைத்தானோ, விட்டுவிட்டான்.

உள்ளே கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். பொய் சொல்கிறேன் என்பதுபோல் ஒரு கேள்வி வந்தது. மேசையில் அடிக்கக் கை எழும்பிவிட்டது. அடித்திருந்தால் கேஸ் அதோடு சரி. கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். வெளியே அவர் சூடு ஆறாமல் கிண்ணத்தைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு இருந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னேன்.

அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் கிண்ணத்தைத் திறந்தார். உள்ளே நாலு முட்டை. போனதற்கு இரண்டு, வந்ததற்கு இரண்டு. காலையிலேயே நாலாக அவித்திருக்கிறார். நான் திரும்பி வருவேன் என்று எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை. அந்த வாசலிலேயே நின்று நாலையும் சாப்பிட்டேன்.

வீட்டில் இதைக் கேட்டதும் மச்சான் துள்ளினான். "வெள்ளிக்கிழமை முட்டை திண்டனியோ? உனக்கென்ன விசரோ? முருகன் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறார்."

"பாக்கட்டும். நாலு திண்டனான். அஞ்சாவது இருந்தா அதையும் திண்டிருப்பன்," என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இப்போது மார்க்கம் என்ற புறநகரில் எனக்குத் தனிவீடு. பயணம் போகும்போது பெட்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வருவேன். எதிர்க்கதவு என்று ஒன்று இல்லை. இருந்தாலும் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் காரில் ஏறுகிறேன்.