விளக்கம் கேட்ட மனிசன்

"ஒன்டு மட்டும் சொல்லுங்க மிஸ். எனக்குப் பெனிசிலின் ஒத்துவராது. ஒருக்காப் போட்டு உசிர் போய் வந்த. இந்த ஊசி ஒத்துவருமா?"

மருதமுனை ஊசி நிலையத்தில் ஷரிபுதீன் மூன்றாவது தடவையாகக் கேட்டார். மகள் நிஹ்லாவுக்கு விடிய சுபஹோடு ஆண் பிள்ளை. மருமகன் கட்டாரில். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல இவரை விட்டால் ஆளில்லை. கொரோனா ஊசி அட்டை இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாது என்பது அரசாங்கக் கட்டளை.

"ஊரே போடுது, ஒங்களுக்கு மட்டும் என்ன கேள்வி?" என்றார் தாதி.

"போடமாட்டன் என்டு சொல்லல்லையே. விளங்கப்படுத்துங்க என்டுதானே கேக்கன்."

"டொக்டர் வருவார், அவரிட்டக் கேளுங்க."

வரிசையை விட்டு விலகி நின்றார். இடம் போயிற்று. மறுபடி வாலில் தொடங்கி, லுஹர்த் தொழுகை நேரமும் தாண்டி டொக்டர் முன்னால் போய் நின்றால், அவர் தலை நிமிராமல், "இத மிஸ்ஸிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார்.

பின்னால் நின்ற நளீம் மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"காக்கா, எள்ளு காயுது எண்ணெய்க்கு. ஒங்கட கேள்விக்கு நாங்க ஏன் காயுற?"

கடைசியில் தாதி ஒரு தாளை நீட்டினார். முழுக்கச் சிங்களம்.

"இதுல என்ன இருக்கு மிஸ்?"

"கேள்வி கேக்கிற ஆக்களுக்கு இதான் குடுக்கிற. ஒப்பம் வைங்க."

"தமிழ்ல இல்லையா?"

"முடிஞ்சிட்டு."

ஷரிபுதீன் மகளின் கலியாணப் பதிவையே இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தவர். ஆனால் காலும் ஓய்ந்து மனசும் ஓய்ந்துவிட்டால் மனிதன் எதில்தான் கையெழுத்து வைக்கமாட்டான்? வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டினார்.

தாதி தாளில் முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். "அவ்வளவுதான், போங்க."

ஒத்துவராதவர்களுக்கு விலக்கு இருக்கிறதாக்கும் என்று நினைத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாய் திறந்து கேட்டதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆஸ்பத்திரி வாசலில் தாளைப் பெருமையோடு நீட்டினார். காவலாளி நல்லரெத்தினம் அம்பாறை டவுனில் சிங்களம் படித்து வளர்ந்தவர். ஒருமுறைக்கு இருமுறை வாசித்துவிட்டு, ஷரிபுதீனைப் பாவமாகப் பார்த்தார்.

"காக்கா, 'எனக்கு எல்லாம் வடிவா விளங்கப்படுத்தினாங்க, நான்தான் ஊசி வேணாமென்டு சொன்னன்' என்டல்லவா கையெழுத்து வெச்சிருக்கீங்க?"